வேட்டைக்காரனின் பெட்டியை மிருகங்கள் தூக்கினால்?

வணக்கம் உறவுகளே! காட்டில் ஒரு வேட்டைக்காரன் இறந்துபோகிறான். அவனுடைய சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது யார் தெரியுமா? காட்டு மிருகங்கள்!

[திரையில்: பழைய மரச்செதுக்குப் படம்]

மோரிட்ஸ் வொன் ஷ்விண்ட் என்ற ஓவியரின் படம் இது. இதை மனதில் வைத்துச் சிம்பொனியில், அதாவது பெரிய இசைக்குழு வாசிக்கும் நீண்ட இசைப்படைப்பில், ஒரு பகுதியையே எழுதியவர் இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர். மரையும் பன்றியும் திரியும் வன்னிக் காட்டோரம் வேட்டைக் கதை கேட்டு வளர்ந்த நாங்கள் இவரை அறிந்திருக்க வேண்டும்.

வாழ்க்கையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1860இல் பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டில்) பிறந்தார். வியன்னாவில் படித்தார். புடாபெஸ்ட், ஹம்பர்க், 1897 முதல் 1907 வரை வியன்னா அரசவை ஒப்பெரா (இசை நாடக அரங்கு), அப்புறம் நியூயோர்க் என்று இசைக்குழுக்களை நடத்தினார். 1911இல், 50 வயதில் இறந்தார். சொந்த இசையை எழுத அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் கோடை விடுமுறைதான்!

இசைக்குழுவை நடத்துவதென்றால் என்ன? முல்லைத்தீவில் கோவலன் கூத்துப் பார்த்தவர்களுக்கு அண்ணாவியாரைத் தெரியும். யார் எப்போது தொடங்குவது, எங்கே வேகம் பிடிப்பது, எல்லாம் அவர் பிடியில். மாலரும் அப்படித்தான். ஆனால் அண்ணாவியார் தானும் பாடுவார். மாலரோ கையில் சிறு கோலோடு நிற்பார். அவரிடமிருந்து ஒரு சுரமும் வராது.

சரி, அந்த இசைக்கு வருவோம். முதலாம் சிம்பொனி, மூன்றாம் பகுதி.

[இசை மெதுவாக]

டிம்பனி முரசு நடை போடுகிறது. அதன்மேல் ஒரேயொரு டபுள் பேஸ் (வயலின் போன்ற, ஆழமான குரலுள்ள பெரிய வாத்தியம்), ஐரோப்பியச் சிறுவர் பாட்டொன்றைச் சோகமாக ஒலிக்கும் மைனர் சுரங்களில் மெல்ல இழுக்கிறது. குழந்தைப் பாட்டு பிண ஊர்வலமாகிவிட்டது! துக்கம் நெஞ்சில் இறங்கும் நேரம் பார்த்து, தெருவோர வாத்தியக் கோஷ்டி ஒன்று துள்ளலாக நுழைகிறது. மிருகங்கள் அழுகின்றனவா, உள்ளுக்குள் சிரிக்கின்றனவா? சிரிக்கின்றன என்றுதான் எனக்குப் படுகிறது.

1889இல் புடாபெஸ்டில் மாலரே நடத்தி அரங்கேற்றியபோது பலருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் அவர் வளர்ந்த வீட்டைப் பாருங்கள். அப்பா தவறணை நடத்தியவர். ஊரில் இராணுவ பேண்ட் முழங்கும். வீட்டில் பிறந்த 14 பிள்ளைகளில் பலர் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள். சாவும் கொண்டாட்டமும் ஒரே வாசலில் நின்ற வீடு அது. அவர் வேறு எப்படி எழுதியிருப்பார்?

கேட்கப் போகிறவர்கள் இயர்போன் மாட்டுங்கள், போன் ஸ்பீக்கரில் அந்த டபுள் பேஸ் சரியாகக் கேட்காது. எந்த இடத்தில் உங்களுக்குச் சிலிர்த்தது என்று கொமெண்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் வாசிப்பேன்.