துணி இறக்கையும் கடற்காற்றும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பழைய கார்களை வாங்கிச் சேர்த்து, மெருகு போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரைச் சாலையில் ஓட்டிப் போகும் வசதிக்காரர்களைச் சென்னையில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். விமானத்தையும் அப்படிச் சேர்ப்பவர்கள் உண்டு. சேர்த்துப் பூட்டி வைப்பதோடு விடமாட்டார்கள், தாங்களே ஏறி ஓட்டுவார்கள்.

இங்கிலாந்தில் ரிச்சர்ட் ஷட்டில்வொர்த் என்று ஒருவர், பெரிய நிலபுலத்துக்கு வாரிசு. அடுத்தவர்கள் பழைய சாமான் என்று ஒதுக்கிய விமானங்களை 1930-களிலேயே தேடித் தேடி வாங்கினார். 1909-ல் செய்த பிளெரியோ விமானம் ஒன்று அப்படி அவர் கைக்கு வந்தது. இன்றும் அது தரையை விட்டு எழும்புகிறது. 1933-ல் டெல்லியில் வைஸ்ராய் கோப்பைக்கான விமானப் போட்டி நடந்தபோது, காம்பர் ஸ்விஃப்ட் என்ற ஒற்றை இருக்கை விமானத்தில் இங்கிலாந்திலிருந்து பறந்தே வந்து கலந்துகொண்டார். 1940-ல் விமானப்படையில் இருந்தபோது விபத்தில் இறந்தார், வயது 31. அவருடைய தாயார் ஏற்படுத்திய அறக்கட்டளைதான் அந்த விமானங்களை இன்றுவரை பறக்க வைக்கிறது.

நம் பக்கம் ஜே.ஆர்.டி. டாட்டா. 1932 அக்டோபர் 15-ல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு பறந்தார். அந்தத் தபால் அங்கிருந்து பெல்லாரி வழியாக வந்து சேர்ந்த ஊர் நம் சென்னை. சரியாக ஐம்பது வருஷம் கழித்து, 78 வயதில், லெப்பர்ட் மாத் என்ற பழைய விமானத்தில் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு மறுபடியும் தனியாகப் பறந்து காட்டினார்.

இவர்களிடம் பணம் இருந்தது, வாங்கினார்கள். ஆனால் வாங்குவது ஒரு நாள் வேலை. பறக்கும் நிலையில் வைத்திருப்பதுதான் ஆயுள் முழுக்க உள்ள வேலை. அதுவும் சென்னை மாதிரி கடலோர ஊரில் என்றால் கேட்கவே வேண்டாம்.

டைகர் மாத் விமானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1931-ல் முதலில் பறந்தது. நம் விமானப்படை விமானிகள் பல பேர் பறக்கப் பழகியது இதில்தான். இறக்கை முழுக்க மரச்சட்டம், மேலே துணி. ஆமாம், துணிதான், லினன் துணி. அந்தத் துணியைச் சட்டத்தின் ஒவ்வொரு விலாவோடும் சேர்த்துத் தைக்க வேண்டும். தேன்மெழுகு தடவிய நூல், நீண்ட ஊசி, மேலிருந்து குத்திக் கீழே வாங்கி, ஏழு எட்டு சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு. புரொப்பெல்லர் காற்று வேகமாக அடிக்கும் இடத்தில் முடிச்சுகள் இன்னும் நெருக்கமாக வரும். ஒரு முடிச்சு அவிழ்ந்தாலும் அடுத்த முடிச்சு பிடித்துக்கொள்ளும்படி ஒவ்வொன்றையும் தனித்தனியாக இறுக்குவார்கள்.

தைத்து முடித்ததும் துணி கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருக்கும். அப்புறம் டோப் என்ற திரவத்தைப் பூசுவார்கள். அது காயக் காய துணி சுருங்கி இறுகும். விரலால் தட்டினால் மிருதங்கத்தைத் தட்டினாற்போல் கேட்க வேண்டும்.

இங்கேதான் சென்னை குறுக்கே வருகிறது. டோப்பில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது துணியின் மேற்பரப்பு குளிரும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அந்த ஈரம் அதன்மேல் படியும், பூச்சு வெள்ளை பூத்துவிடும். பார்க்க அசிங்கம் என்பதோடு முடிந்துவிடவில்லை, அந்தப் பூச்சுக்குப் பலமே இருக்காது. அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் டோப் அடிக்கும் வேலையை வைத்துக்கொள்ளக் கூடாது. தவிர்க்க முடியாவிட்டால், மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கலந்து, ஈரத்தைக் கட்டுப்படுத்திய அறைக்குள் அடிக்க வேண்டும்.

அடுத்தது வெயில். பருத்தி வேட்டியை மொட்டைமாடிக் கொடியில் அக்கினி நட்சத்திரம் முடியும்வரை விட்டுவைத்துப் பாருங்கள். எடுத்து உதறினாலே கிழியும். இறக்கைத் துணிக்கும் அதே கதிதான். அதற்காகத்தான் டோப்பில் அலுமினியத் தூள் கலந்து வெள்ளி நிறப் பூச்சு ஒன்று கொடுப்பார்கள். அது அழகுக்கு அல்ல, வெயில் உள்ளே போகாமல் தடுக்க. போதுமான அளவு பூசியிருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. இரவில் ஹேங்கர், அதாவது விமானம் நிறுத்தும் கொட்டகையின், விளக்குகளை அணைத்துவிட்டு, இறக்கைக்குள் ஒரு பல்பை எரியவிட்டு, வெளியே நின்று பார்ப்பார்கள். எங்கேயாவது வெளிச்சம் கசிந்தால் அங்கே இன்னொரு பூச்சு.

பருத்தித் துணி என்றால் புதிதில் அங்குலத்துக்கு 80 பவுண்டு இழுவையைத் தாங்க வேண்டும். 56-க்குக் கீழே இறங்கிவிட்டால் மொத்தத் துணியையும் உரித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து தைக்க வேண்டியதுதான். ஒட்டுப் போட்டுச் சமாளிக்க வழியே இல்லை.

இறக்கையின் பின்விளிம்பில், அடிப்பக்கம், சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். உள்ளே சேரும் தண்ணீர் வடிய. அதில் தூசியோ குளவிக்கூடோ அடைத்தால் தண்ணீர் நின்று மரம் உளுத்துவிடும். அந்தக் கால விமானங்கள் பலவற்றில் மரத்தை மரத்தோடு ஒட்டியது பாலிலிருந்து எடுத்த கேசின் பசை. ஈரத்தில் அதில் பூஞ்சை பிடிக்கும், ஒட்டு விட்டுப்போகும். வெளியே பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது.

விளக்கெண்ணெயைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் உலகப் போர்க் கால ரோட்டரி இன்ஜினில் தண்டு நகராது, சிலிண்டர்கள் எல்லாம் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுழலும். பெட்ரோல் கலவையும் எண்ணெயும் ஒரே அறை வழியாகப் போகும். சாதாரண எண்ணெய் பெட்ரோலில் கரைந்து வழுவழுப்பை இழந்துவிடும். விளக்கெண்ணெய் அப்படிக் கரையாது. அதனால் அதைத்தான் ஊற்றினார்கள், இப்போது ஓட்டுபவர்களும் ஊற்றுகிறார்கள். உள்ளே போன எண்ணெய் திரும்பி வராது, வெளியே வீசப்படும். விமானி முகமெல்லாம் எண்ணெய். மூச்சோடு வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று நம் பாட்டிமார்களைக் கேட்டால் சொல்வார்கள். பறந்து இறங்கியதும் துடைத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் பிசினாக இறுகிவிடும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் போக்குவரத்து விமானமான டகோட்டாவுக்கு வேறு தொல்லை. தொழிலதிபரும் அரசியல்வாதியுமான ராஜீவ் சந்திரசேகர் 2011-ல் ஒரு டகோட்டாவை வாங்கி, பிரிட்டனில் பழுதுபார்க்க வைத்து, விமானப்படைக்குக் கொடுத்தார். 2018 ஏப்ரலில் அது அங்கிருந்து பறந்தே டெல்லிக்குப் பக்கத்தில் உள்ள ஹிண்டன் விமானப்படைத் தளத்துக்கு வந்தது. அவருடைய தந்தை விமானப்படையில் டகோட்டா ஓட்டியவர். அதில் இரண்டு இன்ஜின், ஒவ்வொன்றிலும் வட்டமாக அமைந்த 14 சிலிண்டர்கள். விமானம் சும்மா நின்றால் எண்ணெய் கசிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கும். காற்று அமுங்கும், எண்ணெய் அமுங்காது. அப்படியே ஸ்டார்ட் செய்தால் உள்ளே பிஸ்டனையும் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு வளையும். அன்றைக்கு உடையாமல், வேறொரு நாள் ஆகாயத்தில் உடையலாம். அதனால் முதலில் புரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். இறுகினால் பலம் போடக் கூடாது, பின்பக்கம் சுற்றவும் கூடாது. பின்பக்கம் சுற்றினால் எண்ணெய் உறிஞ்சுகுழாய்க்குள் போய், ஸ்டார்ட் செய்யும்போது திரும்பி வரும். கீழ்ச் சிலிண்டர்களின் பிளக்கைக் கழற்றி வடியவிட வேண்டும். இது மட்டும்தான் வழி.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். மவுண்ட் ரோடில் ஹோட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ், 1910-ல் சிம்ப்சன் நிறுவனத்தின் உதவியோடு விமானம் செய்து, தீவுத்திடலில் கூட்டத்துக்கு முன்னால் பறந்து காட்டியதை விரிவாகச் சொல்ல இருந்தேன். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஒரு தடவை திடலைத் திரும்பிப் பாருங்கள். வணக்கம்.