எண்ணெய்க் கலம் ஏன் வெறும் ஓட்டையாத் தெரியுது?

அடுத்த கேள்வி உப்புவெளியில இருந்து, உயர்தரம் படிக்கிற தங்கச்சி ஒராள் கேட்டிருக்கிறா. தேசி இலையை வெளிச்சத்துக்குப் பிடிச்சா எண்ணெய்ப் புள்ளி தெரியுதாம், கறுவா இலையில தெரியேல்லயாம். ஸ்பிரிட்டில போட்டு வைச்ச கறுவா இலையை வெட்டி, எண்ணெயைச் சிவப்பாக்கிற சூடான் III சாயம் போட்டுப் பார்த்தும் வெறும் ஓட்டைதானாம். எண்ணெய் எங்க போச்சு?

ஸ்பிரிட்டோட போயிட்டுது, தங்கச்சி. ஸ்பிரிட் எண்டா அற்ககோல்தானே. வாசனை எண்ணெய் அற்ககோலில நல்லாக் கரையும்.

தேசியிலயும் கறிவேப்பிலையிலயும் நீங்க பார்க்கிற புள்ளி ஒரு தனிக் கலம் இல்ல. பல கலங்கள் சூழ்ந்த ஒரு குழி, அதுதான் வெறுங் கண்ணுக்கே தெரியுது. கறுவா, வெற்றிலை, எலுமிச்சம்புல்லில எண்ணெய் தனித்தனிக் கலத்தில நிக்கும். துளசிக்கு மேற்தோல் மயிரில, அது வேற கதை.

கறுவாவின்ட எண்ணெய்க் கலத்துச் சுவரை வடிவாப் பாருங்க. வெளியில செலுலோசு, நடுவில சுபெரின் எண்ட மெழுகு மாதிரிக் கசியவிடாத பொருள், உள்ளுக்குத் திரும்பவும் செலுலோசு. சுபெரின் இல்லாட்டி எண்ணெயில இருக்கிற யூஜினோல் பக்கத்துக் கலங்களுக்குக் கசிஞ்சு மென்சவ்வைக் கெடுத்திடும். எண்ணெய் கலத்துக்குள்ள இருக்கிற கூழான குழியவுருவுக்குள்ள மிதக்கிறதும் இல்ல. உள்சுவரில கிண்ணம் மாதிரி ஒரு முனை இருக்கு, அதில பிடிச்சபடி, உயிருள்ள பகுதியைச் சுத்தியிருக்கிற முதலுருமென்சவ்வுக்கு வெளியாலதான் எண்ணெய்ப் பை பெருக்கும். அதாவது சுவருக்கு உள்ள, உயிருள்ள பகுதிக்கு வெளிய. கலம் முதிர அந்த உயிருள்ள பகுதி, முதலுரு, சிதைஞ்சு, எண்ணெய் மட்டும் மிஞ்சும்.

இனிச் செய்முறை. பச்சைக் கறுவா இலைக்காகத் திருகோணமலை முழுக்க அலையாதீங்க, அது ஈரவலயத்துப் பயிர். சந்தையில வாங்கின புது வெற்றிலை காணும். கரட்டில ஒரு கீறு போட்டு, இலைத்துண்டைச் செருகி, புது பிளேட்டை நனைச்சு வெட்டுங்க. ஆக மெல்லிசா வெட்டாதீங்க, எண்ணெய்க் கலத்தின்ட விட்டத்தை விடக் குறைஞ்சா கலம் திறந்து எண்ணெய் வழிஞ்சிடும். சூடான் III-ல அஞ்சு நிமிசம் காணும், அந்தச் சாயமே அற்ககோலில கரைச்சதுதானே. 50% அற்ககோலில ஒருக்கா முக்கி எடுத்து, கிளிசரின் விட்டு மூடுங்க. கண்ணாடி வழுக்கியைச் சூடாக்க வேணாம், எண்ணெய் ஆவியாகும்.

சிவப்பெல்லாம் எண்ணெய் எண்டு எழுதிடாதீங்க. மேற்தோலுக்கு மேல ஓடுற சிவப்புக் கோடு புறத்தோல், இலையின்ட மெழுகுப் படை. வட்டமா விளிம்பு மட்டும் சிவந்து நடு வெறுமையா இருந்தா, அது சுபெரின், எண்ணெய் போன கலம். கறுவாவில இன்னொரு சிக்கல், வழுவழுப்பான சளியம் நிறைஞ்ச சளியக் கலங்களும் அதே பருமனில இருக்கும், உள்ளுக்குச் சாயம் பிடிக்காது. நீங்க கண்ட ஓட்டையில சிலது அதுவாகவும் இருக்கலாம். வெட்டு முழுக்கச் சின்னச் சின்னச் சிவப்புத் துளி சிதறிக் கிடந்தா பெரும்பாலும் பிளேட் இழுத்த எண்ணெய்.

சாயம் போடாத வெட்டு ஒண்டையும் கிளிசரினில மட்டும் வைச்சுப் பாருங்க. மினுங்குற வெளிர்மஞ்சள் துளி அதில எந்த இடத்தில இருக்கோ, சாயம் போட்டதிலயும் அதே இடத்துச் சிவப்பைத்தான் எண்ணெய்க் கலம் எண்டு குறியுங்க.