பள்ளத்தைக் கண்டால்தான் நம்புவேன்

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

2016 ஜனவரி 26 ஆம் திகதி காலிமுகத்திடலில் யானைத் தந்தங்களை நொருக்கியதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 2012 இல் கொழும்புத் துறைமுகத்தில் பிடிபட்ட 359 தந்தங்கள். ஏறத்தாழ ஒன்றரைத் தொன் எடை. சர்வமதத் தலைவர்கள் வந்து, செத்துப்போன அந்த யானைகளுக்காகப் பிரார்த்தனை செய்தார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நானும் நின்றேன். நெஞ்சு கனத்துப் போயிருந்தது. அதோடு வேறொரு நினைவும் வந்தது. இங்கிலாந்தில் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலத்தில், அந்த நாட்டுச் சுங்கத்தினர் கைப்பற்றிய தந்தத்தில் சிறு துண்டுகள் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வரும். அதை மெல்லிய வில்லைகளாக அரிந்து, அவற்றின் மேல் மனிதக் கலங்களை வளர்ப்போம். அந்தக் கலங்கள் தந்தத்தைத் தோண்டும்.

அந்தக் கலங்களைப் பற்றிப் பேசத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். ஒஸ்ரியோகிளாஸ்ற் என்பது அவற்றின் பெயர். தமிழில் என்புடைக்கும் கலம் என்று சொல்லலாம்.

நமது எலும்புக்கூட்டில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு அளவு உடைக்கப்பட்டு மறுபடி கட்டப்படுகிறது. உடைப்பது ஒரு வகைக் கலம், கட்டுவது இன்னொரு வகை. மாதவிடாய் நின்ற பெண்களில் உடைப்பு முந்திக்கொள்கிறது, கட்டுமானம் பின்தங்குகிறது. அம்மம்மா குளியலறையில் சறுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது என்று கேள்விப்படுகிறோமே, அந்த முறிவுக்கு வழிவெட்டும் வேலை பல ஆண்டுகளுக்கு முன்பே ஓசையில்லாமல் தொடங்கியிருக்கும். மூட்டுவாத நோயில் மூட்டோர எலும்பு அரிபடுவதும், மார்புப் புற்றுநோய் எலும்புக்குள் பரவி அதைக் குடைவதும் இதே கலத்தின் கைவேலைதான்.

அப்படியானால் அதை எடுத்து ஆராய வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எடுப்பது லேசில்லை. எலும்பின் பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டிக் கிடக்கும். எண்ணிக்கையில் மிகக் குறைவு. இழுத்தெடுத்தால் கிழிந்துவிடும். பிரிந்து பெருகவும் மாட்டாது. ஆகவே அதை எடுப்பதை விட உருவாக்குவதே வழி. எதிலிருந்து உருவாக்குவது?

விடையைத் தந்தவர்களில் ஒருத்தி ஒரு கைக்குழந்தை. 1980 இல் அமெரிக்காவில் வெளியான மருத்துவ அறிக்கை அது. என்புடைக்கும் கலங்கள் வேலை செய்யாததால் எலும்பு கல்லாக இறுகும் நோயோடு பிறந்த பெண் குழந்தைக்கு அவளுடைய அண்ணனின் என்பு மச்சையை, அதாவது எலும்புக்குள் இருக்கும் மென்மையான பொருளை, கொடுத்தார்கள். பிறகு அவளது எலும்பில் இருந்த என்புடைக்கும் கலங்களைப் பார்த்தால், ஆண்களுக்கே உரிய வை (Y) நிறமூர்த்தம் அவற்றில் தெரிந்தது. அண்ணனின் மச்சைதான் தங்கையின் எலும்பில் வந்து வேலை செய்தது. இந்தக் கலத்தின் வேர் எலும்பில் இல்லை, குருதியை ஆக்கும் மச்சையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ஆகவே தொடங்குவது குருதியில். சம்மதம் தந்த ஒருவரின் குருதியை ஐதாக்கி, அடர்த்தி 1.077 உள்ள ஒரு திரவத்தின் மேல் கலங்காமல் ஊற்றிச் சுழற்றுவோம். பிழிந்து வைத்த தேங்காய்ப்பாலில் ஆடை மேலே பிரிவது போல இங்கேயும் அடுக்குகள் பிரியும். செங்குழியங்கள் அடியில் போய்விடும். நடுவில் புகைபோல ஒரு வெண்படலம் நிற்கும். அதற்குள்தான் மொனோசைற் என்ற வெண்குழியங்கள் இருக்கின்றன. மேற்பரப்பில் சி.டி. 14 என்ற அடையாளம் உள்ளவற்றை நுண்காந்த மணிகளால் பிடித்துப் பிரிக்கலாம்.

இனி அவற்றுக்கு இரண்டு புரதங்கள் வேண்டும். எம்.சி.எஸ்.எவ். என்பது உயிரோடு வைத்திருக்கும். ராங்க் லிகண்ட் என்பது, நீ இனி என்புடைக்கும் கலமாக மாறு என்று கட்டளையிடும். இந்த இரண்டாவதை அடையாளம் காண எவ்வளவு காலம் எடுத்தது தெரியுமா? 1988 இல் தோக்கியோவில் ஆய்வாளர் தத்சுவோ சூடாவின் குழுவினர், எலியின் மண்ணீரல் கலங்களை எலும்பு கட்டும் கலங்களோடு சேர்த்து, விற்றமின் டி யின் செயற்படு வடிவத்தைக் கொடுத்து என்புடைக்கும் கலங்களை உண்டாக்கிக் காட்டினார்கள். கட்டும் கலம் ஏதோ சொல்கிறது என்று தெரிந்தது. என்ன சொல்கிறது என்பது 1998 இல்தான், யப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே வெளிவந்தது. இன்றைக்கு எலும்புத் தேய்வுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போடும் டெனோசுமாப் ஊசி அந்த ஒரு புரதத்தைத்தான் தடுக்கிறது.

கலங்கள் 37 பாகை செல்சியஸ் சூட்டில், நூற்றுக்கு ஐந்து காபனீரொட்சைட்டு உள்ள பெட்டியில் இரண்டு மூன்று கிழமை இருக்க வேண்டும். ஒரு கிழமை போனதும் பார்த்தால், சேம்பு இலையில் நீர்த்துளிகள் உருண்டு ஒன்றோடொன்று சேர்வது போலக் கலங்கள் சேர்ந்து, பல கருக்கள் கொண்ட பெரிய கலங்கள் தோன்றியிருக்கும். மூன்றுக்கு மேல், சிலவற்றில் இருபதுக்கு மேலும் கருக்கள். அமிலத்தில் வேலை செய்யும் ஒரு நொதியத்தைக் காட்டும் சாயம் போட்டால் அவை செம்மை நிறமாகும். பார்க்க அத்தனை அழகு.

நான் மிகவும் வற்புறுத்தும் விடயம் இங்கேதான் வருகிறது. அந்தச் சிவப்பை எண்ணி முடித்து, இத்தனை என்புடைக்கும் கலம் கிடைத்தது என்று எழுதி வைப்பது போதாது. கிருமிகளை விழுங்கும் மக்ரோபேஜ் என்ற கலங்களும் ஒன்றோடொன்று சேர்ந்து பல கருக்கள் உள்ள பெரிய கலமாகும், சில வேளை அதே சாயத்தையும் ஏற்கும். ஆனால் எலும்பைத் தோண்டாது. ஒரு மருந்து கொடுத்த பிறகு கலங்களின் எண்ணிக்கை மாறாமல் இருக்கும், தோண்டும் வேலை மட்டும் நின்றுபோயிருக்கும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர் அந்த மருந்து பயனில்லை என்று எறிந்துவிடுவார். பெயர் என்புடைக்கும் கலம் என்றால், உடைத்ததைக் காட்ட வேண்டாமா?

தந்த வில்லை அதற்குத்தான். எலும்பில் குருதிக் குழாய்கள் ஓடிய கால்வாய்களும் பழைய தோண்டல்களின் தடங்களும் இருக்கும். புதுப்பள்ளம் எது, பழையது எது என்று குழம்பும். தந்தத்தின் உட்பொருளான டென்ரீனில் அவை இல்லை. அழுத்தமாக, ஒரே சீராக இருக்கும். அதில் ஒரு பள்ளம் விழுந்தால் அது நமது கலம் தோண்டியதுதான். பிரித்தெடுத்த கலங்களை டென்ரீனிலும் எலும்பு வில்லையிலும் வைத்துப் பள்ளங்களைக் காட்டிய ஆய்வுகள் 1984 இல் பிரித்தானியாவில் வெளிவந்தன. தந்தம் கிடைக்காத இடத்தில் மாட்டின் தொடை எலும்பை வைர வாளால் அரிந்து எடுப்போம்.

கலம் எப்படித் தோண்டுகிறது என்பதை வீட்டிலேயே பாதி பார்க்கலாம். கோழி எலும்பை வினாகிரியில் சில நாள் போட்டு வைத்தால் வளையும். அமிலம் கனிமத்தைக் கரைத்துவிட்டது, புரதம் மிச்சம். என்புடைக்கும் கலமும் தன் விளிம்பை எலும்போடு இறுக்கி ஒட்டி, அந்த மூடிய அறைக்குள் அமிலத்தைச் சுரக்கிறது. பிறகு கதெப்சின் கே என்ற நொதியம் மீதிப் புரதத்தை வெட்டுகிறது. இதில் இன்னொரு நுட்பம் உண்டு. கலங்களை வளர்க்கும் திரவமான ஊடகத்தின் பீ.எச். 7.4 ஆக இருந்தால் கலங்கள் பெரும்பாலும் சும்மா இருக்கும். அமிலத்தன்மையைக் கூட்டி 7 க்குச் சற்றுக் கீழே இறக்கினால் தோண்டத் தொடங்கும். இதைக் கவனிக்காமல் மாதக்கணக்கில் அலைந்தவர்கள் இருக்கிறார்கள்.

நானும் அலைந்தேன், வேறு காரணத்துக்காக. ஊடகத்தில் சேர்க்கும், கன்றின் குருதியில் இருந்து எடுத்த சீரம் என்ற நீர்ப்பகுதி முடிந்து புதுப் போத்தல் திறந்தோம். அதற்குப் பிறகு மூன்று மாதம் ஒரு பள்ளமும் இல்லை. என் கையில்தான் பிழை என்று இரவிரவாக யோசித்தேன். பழைய போத்தலில் கொஞ்சம் மீதியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் சீரத்தில் பிழை என்று புரிந்தது. இப்போது மாணவர்களுக்கு முதலில் சொல்வது, சீரத்தைச் சோதிக்காமல் வாங்காதே என்பதுதான். அடுத்தது, ஒருவரின் குருதியை மட்டும் வைத்து முடிவு சொல்லாதே. ஒருவரின் கலம் வில்லை முழுவதையும் அரித்துத் தள்ளும், மற்றவரின் கலம் நாலைந்து பள்ளத்தோடு நிற்கும். இருவரும் நல்ல சுகதேகிகள்.

2022 இல் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போன நாட்களில், மூன்று கிழமை ஒரே சூட்டில் இருக்க வேண்டிய கலங்களைக் காப்பாற்றுவது எவ்வளவு பாடு என்பதை இங்கே வேலை செய்தவர்கள் அறிவார்கள். பதினெட்டாம் நாளில் பெட்டி குளிர்ந்து போனால் மறுபடி குருதியில் இருந்து தொடங்க வேண்டும். மனிதரின் என்புடைக்கும் கலத்தை உறையவைத்து வைத்திருந்து பிறகு எடுப்பது லேசில்லை.

என் மாணவி ஒருத்தி அப்படி இரண்டு தடவை தொடங்கினாள். மூன்றாம் தடவை, இருபத்தோராம் நாள், வில்லையின் மேலிருந்த கலங்களைத் துடைத்தெடுத்தாள். தொலுயிடின் நீலம் இட்டுக் கழுவினாள். நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தவள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து, "மிஸ், நீங்கள் பாருங்கோ" என்று இடம் விட்டாள். வெளிர் நிற வில்லையில், ஆழ்ந்த நீலத்தில், ஒன்றையொன்று தொட்டபடி பதினொரு பள்ளங்கள் இருந்தன.

வணக்கம்.