மலேரியா போன பிறகுதான் வேலை

வணக்கம். மலேரியாவை ஒழிப்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் ஒழித்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். எனக்கு நெடுநாளாக இருக்கும் கவலை அதுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மலேரியா ஒழிந்த நாட்டில் அதைப் பரப்பும் அனோபிலிஸ் கொசு ஒழிந்துவிடவில்லை. கொசு அப்படியே இருக்கும், அதற்குள் இருந்த ஒட்டுண்ணிதான் இல்லை. நோயாளியைக் கடித்த கொசு ஒன்றிரண்டு வாரம் உயிரோடு இருந்தால்தான் அடுத்தவருக்கு நோயைத் தர முடியும். ரத்தம் குடித்துக் கனத்துப்போன கொசு பக்கத்துச் சுவரில்தான் போய் உட்காரும், அங்கேயே சாகட்டும் என்றுதான் வீட்டுச் சுவர்களில் மருந்து அடிக்கிறார்கள். மருந்திட்ட வலைக்குள் படுக்கச் சொல்வதும், காய்ச்சல்காரரின் ரத்தத்தைச் சோதித்து உடனே மாத்திரை கொடுப்பதும் அந்தச் சங்கிலியை அறுக்கத்தான். அறுத்துவிடலாம். ஆனால் வேறு நாட்டிலிருந்து ஒட்டுண்ணியோடு ஒருவர் வந்து இறங்கினால், கடிக்கக் கொசு தயாராக இருக்கிறதே!

இதற்கு நான் எப்போதும் சொல்வது இலங்கையைத்தான். மழை பெய்தால் மலேரியா வரும் என்றுதானே நினைப்போம்? அங்கே மழை பொய்த்தால் வரும். ஆறுகள் வற்றி, மணலுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கும், அதில்தான் அங்குள்ள முக்கியமான மலேரியாக் கொசு முட்டையிடும். 1934-35இல் அப்படி ஒரு வறட்சியை ஒட்டி வந்த கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். அப்புறம் 1940களில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி வந்தது, வீடு வீடாக அடித்தார்கள், நோய் இறங்கிக்கொண்டே போனது. 1963இல் நாடு முழுவதும் பதிவானது எத்தனை பேர் தெரியுமா? 17 பேர்!

17தானே, முடிந்துவிட்டது என்று மருந்து அடிப்பதை நிறுத்தினார்கள், காய்ச்சல்காரர்களைத் தேடிப்போய் ரத்தம் எடுப்பதும் தளர்ந்தது. 1969இல் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மலேரியா. திரும்பவும் சொல்கிறேன், 17இலிருந்து ஆறே வருடத்தில் 5 லட்சம். எங்காவது ஒரு நிதி அதிகாரி "நோயே இல்லையே, இந்தத் துறைக்கு எதற்குப் பணம்?" என்று கேட்கும்போதெல்லாம் இந்த இரண்டு எண்களையும் அவர் முன்னால் வைக்க வேண்டும்.

அதைத் திரும்ப இறக்க நாற்பது வருடத்துக்கும் மேல் ஆனது. 2012 அக்டோபரில் உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி. மூன்று வருடம் தொடர்ந்து உள்ளூர்த் தொற்று இல்லாமல் இருந்தால்தான் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழ் தரும், திரும்ப வராமல் தடுக்க ஏற்பாடு இருப்பதையும் காட்ட வேண்டும். 2016இல் கிடைத்தது. இந்த முறை அவர்கள் கண்காணிப்பைக் கைவிடவில்லை. 2018இல் வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து உள்ளூர்க்காரர் ஒருவருக்குத் தொற்றியபோது கண்டுபிடித்தார்கள், மேலே பரவவில்லை.

சரி, கண்காணிப்பு என்றால் என்ன? சீனாவில் 1-3-7 என்று வைத்திருந்தார்கள். ஒரு நாளுக்குள் தகவல், மூன்று நாளுக்குள் இது எங்கே தொற்றியது என்ற விசாரணை, ஏழு நாளுக்குள் அந்த இடத்தில் நடவடிக்கை. ஆனால் இதெல்லாம் தொடங்குவது ஒரு மருத்துவர் கேட்கும் ஒரே கேள்வியில்தான்: "சமீபத்தில் எங்கே போய் வந்தீர்கள்?" மலேரியாவே பார்க்காத இளம் மருத்துவருக்கு இந்தக் கேள்வி தோன்றாது, டெங்கு, சாதாரணக் காய்ச்சல் என்றே நாட்கள் போய்விடும், பால்சிபேரம் என்ற கொடிய மலேரியா வகை என்றால் அந்த நாட்களில் உயிரே போகலாம். அதனால் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கு என் வேண்டுகோள், மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். மலேரியா உள்ள நாட்டுக்குப் போகும் முன்பே தடுப்பு மாத்திரை பற்றியும் கேளுங்கள்.

அப்புறம் வைவாக்ஸ் என்ற இன்னொரு மலேரியா வகை. காய்ச்சல் நின்ற பிறகும் அது கல்லீரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்து எழும். அதற்காகத்தான் பிரிமாகுவின் மாத்திரையை வழக்கமாக 14 நாள் வரை தருகிறார்கள், காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்தாதீர்கள். சிலருடைய உடலுக்கு அது ஒத்துக்கொள்ளாது, அதனால் முதலில் ஜி6பிடி என்ற ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

நேரம் ஆகிவிட்டது என்று காட்டுகிறார்கள். ஸ்டீபன்சை என்ற, நகரத்தில் மலேரியாவைப் பரப்பும் கொசு பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் வளரும், இலங்கைக்குச் சான்றிதழ் கிடைத்த அதே 2016இன் கடைசியில் மன்னாரில் அதைக் கண்டார்கள். தண்ணீர்த் தொட்டியை மூடி வையுங்கள், இப்போதைக்கு அது போதும். தடுப்பூசி பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2021இலும் 2023இலும் இரண்டு தடுப்பூசிகளை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது, அவை குழந்தைகளின் உயிரைக் காக்க உதவுகின்றன, ஆனால் பரவலை நிறுத்த அவை மட்டும் போதாது. மருந்துக்குச் சாகாத கொசுக்கள் பற்றி இன்னொரு நாள் பேசுகிறேன். நன்றி, வணக்கம்.