சென்னைக்குப் போன கருவாடு
(பாம்பனில் மீன்பிடித் தடைக்காலத்தில் பேசியது)

பெரியவர்களே, தாய்மார்களே, தம்பிமார்களே, வணக்கம்.

ஏப்ரல் 15-இல் தொடங்கிய தடைக்காலம் ஜூன் 14 வரை. விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கிற இந்த 61 நாளில்தான் நம் ஆட்களை உட்காரவைத்துப் பேச முடிகிறது. சுற்றி வளைக்காமல் என் அண்ணன் கதையைச் சொல்லிவிடுகிறேன். அவரே சொல்லச் சொன்னார்.

சின்ன வயதிலேயே கடலுக்குப் போனவர். வலை இழுத்து உரமேறிய கை. கடன் நெருக்கியதால் 30 வயதில் சென்னைக்குப் போய் கால் டாக்சி ஓட்டினார். தினமும் 12, 14 மணி நேரம் ஸ்டீயரிங்தான். நடுவில் பரோட்டா, பஜ்ஜி, டீ, சிகரெட். தூக்கம்கூட வண்டிக்குள்ளேயே. ஊர் ருசி மட்டும் விடவில்லை. நெத்திலிக் கருவாடும் மாங்காய் ஊறுகாயும் மாதாமாதம் அம்மா கொடுத்துவிடுவார். பார்சல் கட்டியது நான்.

42 வயதில் பக்கவாதம். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அவருக்குப் பிரஷர் இருந்ததே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். "ஒரு தலைவலிகூட வந்ததில்லையேடா தம்பி" என்றார். ரத்தக் கொதிப்பு அப்படித்தான். வருடக்கணக்கில் மூச்சுக்காட்டாமல் இருந்து ரத்தக்குழாயைக் கெடுத்துவிடும்.

கருவாட்டின் மேல் மட்டும் பழிபோட எனக்கு மனசில்லை. ஆனால் உப்புக் கணக்கு தெரிய வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலைதட்டிய ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். குழம்பு, ஊறுகாய், அப்பளம், கடைச் சாப்பாடு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கடலோடிக்கும் உப்பு கூடினால் பிரஷர் ஏறும். ஆனாலும் அவன் உடம்புக்கு அசைவு இருக்கிறது. அண்ணனுக்கு அதுவும் போய்விட்டது.

லண்டன் மாடி பஸ்களில் வேலை பார்த்தவர்களைப் பற்றி ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரே பஸ், ஒரே ஊர். உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, நாள் முழுக்கப் படியேறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்த பெரிய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. சர்க்கரை நோய் நகரத்தில் 16.4 சதவீதம், கிராமத்தில் 8.9. நம் பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் போவதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். ஆனால் நடக்க நடைபாதை இல்லாத ஊரில், உட்கார்ந்தே சம்பாதிக்கிறவனிடம் "நீ ஏன் நடக்கவில்லை" என்று கேட்பது நியாயமா? நடைபாதையும் வேலை நடுவே ஓய்வும் அவர்கள் உரிமை. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

நம் கையில் இருப்பதையும் செய்வோம். அம்மாமார்களே, பிள்ளைக்குக் கருவாடு கொடுத்துவிடுங்கள், ஆனால் அளவாக. நன்றாக ஊறவைத்துக் கழுவி, குழம்பில் உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். ஊருக்கு வரும்போது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய்ப் பிரஷரும் சுகரும் பாருங்கள்.

இன்றைக்கு இங்கேயே வாசலில் மேஜை போட்டிருக்கிறோம். பிரஷர் பார்க்க நர்ஸம்மா வந்திருக்கிறார்கள். பக்கத்தில் வலது கையால் பெயர் எழுதிக்கொண்டிருப்பவர்தான் என் அண்ணன். முதலில் அவரிடம் போங்கள்.