வெண்கொக்குக் கோட்டைக்கு ஒரு நாள்

நேயர்களுக்கு வணக்கம். ஜப்பானில் ஹிமேஜி கோட்டையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கிழிசல் இல்லாத காலுறை போட்டுக்கொண்டு போங்கள் என்பதுதான். சிரிக்காதீர்கள். கோட்டையின் பிரதான கோபுரத்துக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றி ஒரு பையில் போட்டுக் கையிலேயே தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். நான் முதல்முறை போனது பிப்ரவரி மாதம். மரப்பலகைத் தரை ஐஸ் மாதிரி இருந்தது. என் காலுறையிலோ பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆறு மாடி ஏறி இறங்கியும் அந்த விரலைத் தவிர வேறெதுவும் மனதில் நிற்கவில்லை. அதனால்தான் மறுபடி போனேன். பிறகு பலமுறை போனேன்.

நான் கட்டடப் பொறியாளர். ஒசாகாவில் சில வருடம் வேலை பார்த்தேன். அங்கிருந்து புல்லட் ரயிலில் அரை மணி நேரம், சாதா விரைவு ரயிலில் ஒரு மணி நேரம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தாலே நேர் சாலையின் கடைசியில் கோட்டை தெரியும். வெள்ளை வெளேரென்று, கொக்கு ஒன்று வந்து உட்கார்ந்த மாதிரி. ஊர்க்காரர்கள் அதை வெண்கொக்குக் கோட்டை என்றே சொல்கிறார்கள். இருபது நிமிடம் நடந்தால் வாசல்.

இங்கேதான் எல்லோரும் ஒரு தப்புப் பண்ணுகிறார்கள். நேரே கோபுரத்துக்கு ஓடுகிறார்கள். ஏறி, உச்சியில் ஒரு போட்டோ எடுத்து, இறங்கி, அடுத்த ரயிலைப் பிடித்துவிடுகிறார்கள். கோபுரத்துக்குள்ளே சிம்மாசனமோ தங்கக் கட்டிலோ கிடையாது. கோட்டையை ஆண்ட பிரபு அதில் குடியிருக்கவும் இல்லை. அது போர்க்காலத்துக்கென்று கட்டியது. அந்தப் போரும் வரவேயில்லை. ஆகவே பார்க்க வேண்டியது வழியை. திரும்பவும் சொல்கிறேன், வழியைப் பாருங்கள்.

உள்வாசல்களுக்கு 'இ', 'ரோ', 'ஹா', 'நி' என்று பெயர். நாம் அ, ஆ, இ, ஈ என்று வரிசைப்படுத்துவது போல அது அவர்களுடைய பழைய எழுத்து வரிசை. 'ஹா' வாசலைத் தாண்டியதும் கோபுரம் தலைக்கு மேலேயே நிற்கும். பாதையோ திடீரென்று திரும்பி, கோபுரத்துக்கு முதுகைக் காட்டி நடக்கச் சொல்லும். உள்ளே புகுந்த எதிரி அங்கே குழம்பி நிற்பான். சுவரில் வட்டமாக, முக்கோணமாக, சதுரமாக ஓட்டைகள் இருக்கும். அம்பும் துப்பாக்கியும் அவற்றின் வழியே அவனையே பார்த்துக்கொண்டிருக்கும். இன்றைக்குச் சுற்றுலாக்காரர்கள் அதே ஓட்டைக்குள் போன் வைத்துப் படம் பிடிக்கிறார்கள்.

என் அத்தை அங்கே வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். அத்தைக்கு அறுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலிலும் வலி. "கோட்டையைக் கீழ இருந்தே பாத்துக்கறேன்டா, நீ போயிட்டு வா" என்றார். நான் விடவில்லை. மெதுவாக, நிழல் கண்ட இடத்திலெல்லாம் உட்காரவைத்து, கோபுரத்துக்குக் கீழே கற்சுவர் வரைக்கும் கூட்டிப் போனேன். அந்தச் சுவரில் ஒரு சின்னக் கல்லுக்குக் கம்பிவலை போட்டு வைத்திருப்பார்கள். 'பாட்டியின் கல்' என்று பெயர். ஜப்பானை ஒன்றாக்கிய தளபதி ஹிதேயோஷி, இப்போதைய கோபுரத்துக்கு முன்பே, 1580 வாக்கில் இங்கே கோட்டை கட்டியபோது கல் போதவில்லையாம். ஊரில் அரிசிப் பலகாரம் விற்று வந்த ஏழைப் பாட்டி ஒருத்தி, தன் பிழைப்புக்கு இருந்த மாவரைக்கும் கல்லையே கொண்டுவந்து கொடுத்தாளாம். அதைக் கேள்விப்பட்ட ஊரே கல் தூக்கிக்கொண்டு வந்ததாம். கதைதான். ஆனால் கல் தட்டுப்பாடு கதையில்லை. பழைய கல்விளக்கு, கல்சவப்பெட்டி என்று கிடைத்ததையெல்லாம் அந்தச் சுவர்களில் வைத்து அடைத்திருக்கிறார்கள், இன்றும் பார்க்கலாம்.

நான் இதையெல்லாம் விளக்கி முடித்தேன். அத்தை வலைக்குள் உற்றுப் பார்த்தார். பிறகு கேட்டார்: "திரிகைன்னா ரெண்டு கல்லுல்ல இருக்கும்? இன்னொண்ணு எங்கடா?" எனக்குப் பதில் தெரியவில்லை. பலமுறை போனவன், பொறியாளன் வேறு. இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. திரிகை சுற்றிக் கை காய்த்தவருக்குத் தோன்றியிருக்கிறது. "ஒண்ண வீட்டுல வச்சிருப்பா. புத்திசாலி" என்று அத்தையே முடிவும் சொல்லிவிட்டார்.

ஆக, முழங்கால் வலி இருப்பவர்களும் தாராளமாகப் போகலாம். கோபுரத்துப் படிகள்தான் ஏணி மாதிரி செங்குத்து. லிஃப்ட் கிடையாது. ஒசாகா கோட்டையில் லிஃப்ட் உண்டு, ஆனால் அது 1931-இல் கான்கிரீட்டில் எழுப்பியது. ஹிமேஜி கோபுரம் 1609-இல் முடிந்த அதே மரக்கட்டடம். அந்தக் காலத்துக் கோபுரம் மிஞ்சியிருப்பது ஜப்பான் முழுவதிலும் பன்னிரண்டே கோட்டைகளில்.

ஏற முடிந்தவர்கள் உள்ளே இரண்டு தூண்களைத் தேடுங்கள். இது என் பைத்தியம், பொறுத்துக்கொள்ளுங்கள். கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. 25 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரம், அடியில் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் குறுக்களவு. அடித்தளத்திலிருந்து உச்சி மாடியின் தரை வரை போகின்றன. மாடிக்கு மாடி அதே தூண் வரும், தொட்டுப் பாருங்கள். கோபுரம் காலப்போக்கில் சாய்ந்தது. கட்டிய தலைமைத் தச்சன் அவமானம் தாங்காமல் உளியை வாயில் கவ்வியபடி உச்சியிலிருந்து குதித்தான் என்றொரு கதை உண்டு. பாவம், தச்சன்மேல் பிழையில்லை. ஐயாயிரம் டன்னுக்கு மேற்பட்ட பாரத்தை அடிமண் தாங்கவில்லை. 1956 முதல் 1964 வரை கோபுரத்தைப் பிரித்து, கீழே கான்கிரீட் அடித்தளம் போட்டு, மறுபடி கோத்தார்கள். அப்போது மேற்குத் தூண் உளுத்திருந்தது. புதிய தூணை ஒரே மரமாக நிறுத்தத்தான் ஆசைப்பட்டார்கள், கொண்டுவந்த மரம் வழியில் முறிந்தது. கடைசியில் இரண்டு மரங்களை இணைத்து நிறுத்தினார்கள். கிழக்குத் தூண் பழைய மரமேதான், அடியை மட்டும் மாற்றினார்கள்.

இந்தக் கட்டடம் தப்பியதே பெரிய கதை. மெய்ஜி காலத்தில், அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், 23 யென்னுக்கு ஏலம் போனது என்பார்கள். எடுத்தவருக்கு இடிக்கும் செலவு கட்டுப்படியாகவில்லையாம். 1945 ஜூலையில் ஊர் முழுக்கக் குண்டு வீச்சில் எரிந்தபோது, உச்சி மாடியில் விழுந்த எரிகுண்டு வெடிக்கவில்லை. காலையில் மக்கள் பார்த்தால் சாம்பலுக்கு நடுவே கோட்டை நிற்கிறது.

நுழைவுச் சீட்டு 2026 மார்ச்சிலிருந்து வெளியூர்க்காரர்களுக்கு 2,500 யென், ஊர்க்காரர்களுக்கு 1,000. பதினெட்டு வயதுக்குக் கீழே இலவசம். சிலர் முணுமுணுக்கிறார்கள். எனக்குப் புகார் இல்லை, மரக்கட்டடம் ஓயாமல் செலவு கேட்கும். வாசலுக்கு வெளியே இருக்கும் பெரிய புல்வெளிக்குச் சீட்டே வேண்டாம்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். மேற்கு வளாகத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஒசாகா கோட்டை 1615-இல் விழுந்து கணவனை இழந்த இளவரசி சென், மறுமணமாகி வந்து வாழ்ந்த இடம் அது. நீண்ட தாழ்வாரம், படிகள் குறைவு, கூட்டமும் குறைவு. அத்தைக்குக் கோபுரத்தைவிட அதுதான் பிடித்தது. பக்கத்திலேயே கோகோ-என் தோட்டம். பழைய சாமுராய் வீடுகள் இருந்த மனையில் 1992-இல் திறந்தது, ஒன்பது தோட்டங்கள், குளத்தில் பெரிய பெரிய கெண்டை மீன்கள். கோட்டைக்கும் இதற்கும் சேர்த்து ஒரே சீட்டு வாங்கிக்கொள்ளலாம். ஏப்ரல் தொடக்கத்தில் செர்ரி பூக்கும், கூட்டம் நெரியும், காலை ஒன்பது மணிக்கே போய் நில்லுங்கள். மாலை நான்குக்கு மேல் கோட்டைக்குள் விடமாட்டார்கள். டிசம்பர் 29, 30 விடுமுறை. தேநீர்க் குடில் பற்றி... சரி, மணியாகிவிட்டது. வணக்கம்.