கொல்லாங்கொட்டை தெரிந்த கைக்கு ஹேசல்நட்

நேயர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் பிறந்துவிட்டது. மார்த்தாண்டம், தக்கலைப் பக்கமெல்லாம் வீட்டு வாசலில் நட்சத்திர விளக்கு ஏறிவிட்டது. குடில் கட்டப் புல் தேடிப் பிள்ளைகள் அலைகிறார்கள். வீட்டில் கேக் செய்வது பற்றிப் பேச வாருங்கள் என்று வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது, பிளம் கேக் வேண்டாம், அதை நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு செய்கிறார்கள், வேறு இரண்டு பொருளைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். ஒன்று ராஸ்பெரிப் பழம். இன்னொன்று ஹேசல்நட் பருப்பு. சாக்லேட்டுக்குள் உருண்டையாக ஒரு பருப்பு கடிபடுமே, அதுதான் ஹேசல்நட்.

இரண்டும் நம் மண்ணில் விளையாதவை, இதெல்லாம் நமக்கு எதற்கு என்று சிலருக்குத் தோன்றும். நாம் கொல்லாங்கொட்டை என்று சொல்லும் முந்திரியே பிரேசிலில் இருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்ததுதான். நம் ஊர் முழுக்கத் தின்கிற மரச்சீனிக் கிழங்கும், அதாவது மரவள்ளியும், தென்னமெரிக்காவில் இருந்து வந்தது. நாம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பயிரிடச் சொல்லிப் பரப்பினார். இன்றைக்கு மீன்குழம்பும் கிழங்கும் இல்லாமல் நமக்கு ஒரு வாரம் ஓடுமா? ஒரு பொருளின் குணம் கைக்குத் தெரிந்துவிட்டால் அது நம் வீட்டுப் பொருள் ஆகிவிடுகிறது. இந்த இரண்டின் குணத்தைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் பருப்பு. அதைச் சொல்ல என் அம்மாவிடமிருந்து தொடங்க வேண்டும்.

அம்மா 26 வருஷம் அண்டியாபீஸில் வேலை பார்த்தவர். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். வெளியூரிலிருந்து கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன், முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் தொழிற்சாலையைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். கொட்டையை வறுத்து, ஒவ்வொன்றாக உடைக்க வேண்டும். தோட்டில் ஓர் எண்ணெய் இருக்கிறது, பட்ட இடம் பொத்துப்போகும். அதற்காகக் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உட்காருவார்கள். உடைத்தெடுத்த பருப்பின் மேல் செம்பழுப்பாக ஒரு தோல் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தோலோடு தின்றால் நாக்கு துவர்த்துவிடும். அதனால் பருப்பைத் தட்டில் பரப்பி, சூட்டறையில் மிதமான சூட்டில் பல மணி நேரம் வைப்பார்கள். அந்தச் சூட்டறைக்குப் போர்மா என்று பெயர். நம் பக்கம் பேக்கரி அடுப்பையும் போர்மா என்றே சொல்வார்கள். சூட்டில் தோல் காய்ந்து சுருங்கிப் பருப்பை விட்டு விலகும். அதன் பிறகு விரல் நுனியால் தள்ளினால் போதும். முழுப்பருப்புக்கு ஒரு விலை, உடைந்ததற்கு ஒரு விலை என்பதால், பருப்பு நோகாமல் தோலை மட்டும் கழற்றுவது பெரிய கைத்திறன். அம்மாவின் விரல்களில் அது இன்னும் இருக்கிறது.

ஹேசல்நட்டும் அப்படியேதான். ஓடு உடைத்த பருப்பின் மேல் மெல்லிய பழுப்புத் தோல் இருக்கும். தோலில் துவர்ப்பும் கசப்பும். அதை எடுக்காமல் அரைத்துக் கேக்கில் போட்டால், தின்று முடித்த பிறகு தொண்டையில் ஒரு கரகரப்பு நிற்கும். அடுப்பை 160 டிகிரியில் சூடாக்கி, பருப்பை ஒரே அடுக்காகத் தட்டில் பரப்பி 12 முதல் 15 நிமிஷம் வையுங்கள். தோல் வெடிக்கும். வீடு முழுக்க மணம் பரவும்போது எடுத்துவிட வேண்டும், அதற்கு மேல் போனால் கரிப்புதான். எடுத்த சூட்டோடு ஒரு பழைய துவர்த்தில், அதாவது துண்டில், கொட்டி மூட்டையாகக் கட்டி ஐந்து நிமிஷம் விடுங்கள். பிறகு மூட்டையோடு சேர்த்துத் தேயுங்கள். முக்கால்வாசித் தோல் துணியிலேயே தங்கிவிடும். அங்கங்கே ஒட்டியிருப்பதை விட்டுவிடலாம், பாதகமில்லை. ஓவன் இல்லாதவர்கள் இரும்புச் சட்டியில் சிறுதீயில் கிளறிக்கொண்டே வறுக்கலாம்.

வாங்கும்போது முகர்ந்து பார்த்து வாங்குங்கள். உலகத்து ஹேசல்நட்டில் பாதிக்கு மேல் துருக்கியில் விளைகிறது, கருங்கடலை ஒட்டிய மழை பெய்யும் மலைச்சரிவுகளில். அங்கிருந்து நம் கைக்கு வருவதற்குள் பல மாதம் ஆகிவிடும். நூறு கிராம் முந்திரியில் 44 கிராம் அளவுக்குக் கொழுப்பு என்றால், ஹேசல்நட்டில் 60 கிராம். எண்ணெய் கூடுதலான பருப்பு சீக்கிரம் காறிப்போகும். ஒருமுறை ஒரு கடையில் அரைக் கிலோ வாங்கி வந்து வறுத்தேன், பழைய கொப்பரை காறின வாடை. வறுத்தால் போய்விடும் என்று நினைத்துக் கேக்கில் போட்டேன். போகவில்லை, ஒரு முழுக் கேக்கையும் கொட்ட வேண்டியதாயிற்று. அதிலிருந்து வாங்கியவுடன் ஒன்றைக் கடித்துப் பார்ப்பேன், மீதியை மூடி போட்ட டப்பாவில் ஃப்ரீசரில் வைப்பேன்.

அரைப்பதிலும் இந்த எண்ணெய்தான் பிரச்சினை. மிக்சியை விடாமல் ஓட்டினால் சூடேறிப் பொடி களியாகிவிடும். நன்றாக ஆறிய பருப்போடு, செய்முறையில் உள்ள சீனியில் இரண்டு கரண்டி சேர்த்து, விட்டுவிட்டு ஓட்டுங்கள். களியாகிவிட்டாலும் வருத்தப்பட வேண்டாம், கோகோப் பொடியும் சீனியும் சேர்த்தால் ரொட்டியில் தடவ ஆகும். 1806-இல் நெப்போலியன் இங்கிலாந்தோடு வணிகத்தை அடைத்தபோது ஐரோப்பாவில் கோகோ கிடைப்பது அரிதாயிற்று. அப்போது இத்தாலியின் டூரின் நகரத்து மிட்டாய்க்காரர்கள், தங்கள் மலையில் விளைந்த ஹேசல்நட்டை அரைத்துச் சாக்லேட்டோடு கலந்தார்கள் என்று சொல்வார்கள். இன்றைக்குப் பிள்ளைகள் பாட்டிலில் விரல் விட்டு நக்குவது அந்த வழியில் வந்ததுதான்.

இனி ராஸ்பெரி. நான் அதைச் செடியில் பார்த்தது ஆஸ்திரியாவில். மகள் அங்கே லின்ஸ் நகரத்தில் நர்ஸாக இருக்கிறாள். அவள் பேறுகாலத்துக்காகப் போனவள் மூன்று மாதம் இருந்தேன். ஜூலை மாதம். பக்கத்து வீட்டுப் பாட்டியின் வேலியோரம் முள்ளும் இலையுமாகச் செடி, உள்ளே சிவப்புச் சிவப்பாகப் பழம். அந்தப் பாட்டிக்கு என் பேச்சு தெரியாது, எனக்கு அவர் பேச்சு தெரியாது. கையைப் பிடித்துக் கொண்டுபோய்ப் பறிக்கக் காட்டித் தந்தார். பழுத்திருந்தால் தொட்டவுடன் கழன்று வரும், இழுக்க வேண்டி வந்தால் அது இன்னும் பழுக்கவில்லை. பறித்து வைத்துப் பழுக்கவைக்கவும் முடியாது. கழன்று வந்த பழத்தின் நடு, தையல்காரர் விரலில் மாட்டும் தொப்பி மாதிரி குழிந்திருக்கும், தண்டு செடியிலேயே நின்றுவிடும். ஒரு பழம் என்று நாம் பார்ப்பது உண்மையில் பல குட்டிப் பழங்கள் ஒட்டிச் சேர்ந்தது, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு விதை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இதற்கு ஓர் உறவுச்செடி உண்டு. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நிற்கும், பழுத்தால் கறுத்துவிடும். மைசூர் ராஸ்பெரி என்பார்கள்.

இத்தனை மெல்லிய பழம் இரண்டு நாள்கூடத் தாங்காது. அதனால் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் உறையவைத்த பழம். நான் திருவனந்தபுரம் போகும்போது, மீன்காரர்கள் வைத்திருப்பது மாதிரி ஒரு தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொண்டுவருவேன். இதில் ஒன்றை மறக்காதீர்கள்: கேக் மாவில் போடுவதானால் உருகவிடக் கூடாது. பழத்தில் பெரும்பகுதி தண்ணீர், உருகினால் மாவு சதசதவென்று ஆகும். பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஒரு கரண்டி மைதாவில் புரட்டி, கடைசியில் மேலாகப் போட்டு உடனே அடுப்பில் வையுங்கள்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பிறந்தநாளுக்குக் கேக் செய்துகொடுத்தேன். வெட்டியபோது பழத்தைச் சுற்றிலும் நீலச்சாம்பல் நிறம். பூசணம் பிடித்துவிட்டது என்று அந்த வீட்டு அம்மா பயந்துபோனார். பூசணம் இல்லை, நான் சமையல் சோடாவைக் கூடுதலாகப் போட்டதுதான் காரணம். நாவல்பழக் கறை பட்ட சட்டையில் சோப்பு போட்டால் கறை நீலமாகுமே, பார்த்திருப்பீர்கள். ராஸ்பெரியின் சிவப்பும் அதே வகைச் சாயம்தான். புளிப்பில் சிவந்து நிற்கும், சோடா, சோப்பு மாதிரிக் காரத்தில் நீலமாகத் திரியும். அதனால் சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடரை அளந்து போடுங்கள். ஜாம் காய்ச்சும்போது அரை எலுமிச்சை பிழிந்தால் நிறம் இன்னும் எடுப்பாக வரும்.

சரி, பேனா எடுத்துக்கொள்ளுங்கள். ஜாம் முதலில். அரைக் கிலோ பழம், 350 கிராம் சீனி, அரை எலுமிச்சையின் சாறு. அகலமான ஸ்டீல் பாத்திரத்தில் கொதிக்கவிட வேண்டும், அகலம் இருந்தால் தண்ணீர் சீக்கிரம் வற்றும். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினால் சுருக்கம் விழ வேண்டும், அதுதான் பதம். பாதியை வடிகட்டி விதையை நீக்கிவிட்டு, மற்ற பாதியை அப்படியே விடுவேன். விதை கொஞ்சம் இருந்தால்தான் ராஸ்பெரி தின்கிறோம் என்று பல்லுக்குத் தெரியும்.

இந்த ஜாமைக் கொண்டுதான் லின்ஸ் ஊர்க் கேக். லின்சர் டார்ட்டே என்பார்கள். அதன் செய்முறை 1653-ஆம் வருஷத்துக் கையெழுத்துப் புத்தகத்திலேயே இருக்கிறது. ரெட் கரண்ட் என்ற ஒரு புளிப்புப் பழத்தின் ஜாம்தான் அங்கே வழக்கம், ராஸ்பெரியும் போடுகிறார்கள். 150 கிராம் மைதா, 150 கிராம் ஹேசல்நட் பொடி, 150 கிராம் வெண்ணெய், 100 கிராம் சீனி, ஒரு முட்டை, ஒரு சிட்டிகை உப்பு, எலுமிச்சைத் தோல் துருவல், பட்டைப்பொடி ஒரு சின்னக் கரண்டி, கிராம்புப்பொடி கால் கரண்டி. ஆமாம், கிராம்பு. லின்ஸுக்குப் போனபோது நம் மாவட்டத்து மாறாமலையில் விளைந்த கிராம்பு என் பையில் இருந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி இரண்டை விரலில் நசுக்கி முகர்ந்தார், பிறகு தன் டப்பாவில் இருந்ததை ஒதுக்கி வைத்துவிட்டு நம் கிராம்பை இடித்தார். 2021-இல் கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதற்கு எனக்கு அன்றைக்கே ஒரு சாட்சி கிடைத்துவிட்டது.

எல்லாவற்றையும் பிசைந்து ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். 32 முதல் 35 டிகிரிக்குள் வெண்ணெய் உருகிவிடும், நம் அடுக்களை மத்தியானத்தில் அந்தச் சூட்டில்தான் இருக்கும். அதனால் நான் இதை விடியற்காலையில் செய்வேன். மாவில் மூன்றில் இரண்டு பங்கை 22 சென்டிமீட்டர் தட்டில் அமுக்கிப் பரப்பி, 250 கிராம் ஜாம் தடவி, மீதி மாவைத் திரியாக உருட்டிக் குறுக்கும் நெடுக்குமாகப் பாய் மாதிரி வைக்க வேண்டும். 170 டிகிரியில் 40 நிமிஷம். அன்றைக்கே வெட்டாதீர்கள். மீன்குழம்பு மறுநாள் ருசிப்பது மாதிரி, ஜாமின் ஈரம் பருப்புக்குள் இறங்க ஒரு நாளாவது வேண்டும்.

சின்னக் கேக் ஒன்றும் சொல்கிறேன். 110 கிராம் உப்பில்லாத வெண்ணெயைச் சட்டியில் போட்டு நெய் காய்ச்சுங்கள். நுரை அடங்கி, அடியில் கசண்டு பொன்னிறமாகும்போது ஒரு மணம் வருமே, அப்போது இறக்கிவிட வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பதத்துக்கு வைத்த பெயருக்கு ஹேசல்நட் வெண்ணெய் என்றுதான் பொருள். நிறமும் மணமும் அந்தப் பருப்பு மாதிரி இருப்பதால். நம் அம்மாக்கள் முருங்கையிலை போட்டு இறக்கும் அதே நிமிஷம்தான். அது ஆறியதும் கசண்டோடு, 100 கிராம் ஹேசல்நட் பொடி, 50 கிராம் மைதா, 120 கிராம் சீனி, நான்கு முட்டையின் வெள்ளைக்கரு எல்லாம் கலந்து, சின்னக் கிண்ண அச்சுகளில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் இரண்டு பழம் வைத்து 180 டிகிரியில் 15 முதல் 18 நிமிஷம். புளிப்பும் நெய் மணமும் சேர்ந்து வரும்போது, இதை ஏன் முன்னமே செய்யவில்லை என்று இருக்கும்.

வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, பருப்புப்பொடி சேர்த்து மொறுமொறுப்பாகச் செய்வதும் உண்டு. அதை மழைக்காலத்தில் தொடாதீர்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது, காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து அரை மணி நேரத்தில் பிசுபிசுத்துவிடும். பிப்ரவரியில் செய்யலாம்.

விலை கட்டுப்படியாகாதவர்கள் ஹேசல்நட்டைப் பாதியாக்கி, மீதிக்கு உடைந்த முந்திரி போடுங்கள். முந்திரியில் மாவுத்தன்மை கூடுதல் என்பதால் கேக் கொஞ்சம் மெத்தென்று வரும், எனக்கு அதுவும் பிடிக்கும். ராஸ்பெரி கிடைக்காவிட்டால் எசன்ஸும் சிவப்புச் சாயமும் வாங்காதீர்கள், அதில் பழம் கிடையாது. அருமனை, குலசேகரம் பக்கம் ரப்பருக்கு இடையில் விளையும் கைதச்சக்கையை, அதாவது அன்னாசிப்பழத்தை, நன்றாக வற்ற ஜாம் காய்ச்சி, அதே லின்ஸ் கேக்கில் வைத்துப் பாருங்கள். கிராம்போடு அது அத்தனை நன்றாகச் சேரும். அப்புறம், யாருக்குக் கொடுத்தாலும் இதில் பருப்பு இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். சிலருக்கு உடம்பு ஒத்துக்கொள்ளாமல் மூச்சே அடைத்துவிடும்.

அம்மாவுக்கு இப்போது 78 வயது. போன கிறிஸ்துமஸுக்கு நான் ஹேசல்நட்டை வறுத்துத் துவர்த்தில் கட்டி வைத்துவிட்டு மாவு சலிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அம்மா திண்ணையில் உட்கார்ந்து மூட்டையை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். "மக்களே, இது நம்ம அண்டியைவிட லேசு, கையைப் பொள்ளாது" என்றார். பக்கத்தில் இரண்டு கிண்ணம். யாரும் சொல்லாமலே முழுப்பருப்பை ஒன்றிலும் பிளந்ததை இன்னொன்றிலும் பிரித்துப் போட்டிருந்தார். முழுப்பருப்பைக் கேக்கின் மேலே அடுக்கினேன். பிளந்தது மிக்சிக்குப் போனது.

வணக்கம்.